தலைக் கிறிஸ்துமஸ்: மகளுக்கு அப்பா எழுதுவது

ஏற்காடு,
டிசம்பர் 12.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க மாதா துணை. பக்கத்து வீட்டுத் தம்பி நாளைக் காலை பஸ்ஸில் சேலத்துக்கு வருகிறான். அவனிடம் ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன். கடிதம் அதற்குள் இருக்கிறது. போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் முழுவதும் படிப்பாய் என்று நம்புகிறேன்.

"இந்த வருஷம் கிறிஸ்துமஸ் எல்லாம் வேண்டாம்ப்பா. பூசைக்குப் போய்விட்டு வந்து படுத்துவிடுகிறோம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்றாய். வீட்டு அட்வான்ஸும் சம்பந்தியம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவும் ஒரே மாதத்தில் வந்து விழுந்தன. பண்டிகைக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது என்கிறாய். கடன் வாங்குவதில்லை என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் பண்டிகையையே தள்ளிவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. சிறிதாகச் செய்யுங்கள், செய்யாமல் மட்டும் விடாதீர்கள். கல்யாணமான முதல் வருஷம் ஒரு வீட்டில் எது நடக்கிறதோ அதுதான் பிறகு அந்த வீட்டின் வழக்கமாகிறது. "முடியவில்லை, விட்டுவிட்டோம்" என்பதும் அப்படியே வழக்கமாகிவிடும். எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளில் அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சீர் பற்றி மாப்பிள்ளை என்னிடம் தனியாகப் பேசினார். "மாமா, தலைக் கிறிஸ்துமஸ் என்று மோதிரம், பேண்ட், சட்டை எதுவும் வாங்கிவிடாதீர்கள்" என்றார். அவரைப் பெற்றவர்களை நினைத்து மனதுக்குள் கும்பிட்டேன். அவருக்கு 24-ஆம் தேதி மாலை வரை வேலை, 26 காலையில் மறுபடியும் வேலை. விடுமுறை வாரத்தில் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கிடைக்கிற ஒரே நாளில் பாதியைப் பாதையில் கழிக்க வேண்டாம். உங்கள் வீட்டிலேயே இருங்கள். பொங்கலுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் வடிந்ததும் வாருங்கள்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். எஸ்டேட் கணக்கு எழுதியே வளர்ந்த கை இது, கணக்கில்லாமல் புத்தி சொல்ல வராது.

முதலில் தட்டுகள். தீபாவளிக்கு எத்தனை வீடுகளிலிருந்து உனக்குப் பலகாரத் தட்டு வந்தது? மாடி வீடு, எதிர் வீடு, பால்காரர் வீடு என்று ஏழெட்டு வீடு இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். அந்தத் தட்டுகள் வெறுமனே திரும்பக் கூடாது. உன் கவலையில் பாதி இதுதான் என்பதும் எனக்குத் தெரியும். பேக்கரி கேக்கை வெட்டி எட்டு வீட்டுக்கு அனுப்பினால் உன் மூவாயிரத்தில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும். அச்சு முறுக்கு செய். ஒரு கிலோ மாவில் ஒரு தூக்குப் போணி நிறைந்துவிடும். தட்டில் நாலு வைத்தாலே நிறைவாகத் தெரியும்.

அம்மாவின் அளவு இது: பச்சரிசி மாவு இரண்டு கப், மைதா ஒரு கப், பொடித்த சர்க்கரை ஒரு கப், முட்டை ஒன்று, கறுப்பு எள் ஒரு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. கரைப்பதற்குத் தேங்காய்ப்பால். தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்க வேண்டும். மைதா, சர்க்கரை, திராட்சை எல்லாவற்றையும் தெருமுனைக் கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்காதே. செவ்வாய்ப்பேட்டைக்குப் போ. லீ பஜார் பக்கத்து மளிகைக் கடைகளில் உதிரியாக நிறுத்து வாங்கினால் கையில் மிச்சம் நிற்கும்.

அம்மாவின் பழைய அச்சைப் பையில் வைத்திருக்கிறேன். பல வருஷம் எண்ணெய் குடித்த அச்சு, மாவு பிடித்துக்கொள்ளாது. புது அச்சு வாங்கியிருந்தால் இரவெல்லாம் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழக்க வேண்டியிருக்கும். எண்ணெய் காய்ந்ததும் அச்சை அதிலேயே கொஞ்ச நேரம் விட்டுச் சூடாக்கு. பிறகு மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்கு. மேல் விளிம்பு வரை மூழ்கிவிட்டால் மாவு அச்சை மூடிக்கொள்ளும், கழன்று வராது. சுர்ரென்று சத்தம் கேட்டால் சூடு சரி. எண்ணெய்க்குள் இறக்கி, ஓரம் சிவக்கத் தொடங்கும்போது லேசாக உதறினால் பூ தானாக விட்டுவிடும். எடுக்கும்போது மெத்தென்று இருக்கிறதே என்று மறுபடி எண்ணெயில் போடாதே. தட்டில் ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். சர்க்கரையைக் கூட்டினால் சீக்கிரம் கருகும். ஒருவர் அச்சைப் பிடிக்க வேண்டும், ஒருவர் கம்பியால் திருப்பி எடுக்க வேண்டும். ஆகவே மாப்பிள்ளைக்கு லீவு உள்ள ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள். இருவரும் அடுப்படியில் நின்று இதைச் செய்வதுதான் பண்டிகையின் ஆரம்பம்.

கேக் உங்கள் இருவருக்கு மட்டும் போதும், சின்னதாக ஒன்று. ஓவன் தேவையில்லை. குக்கரில் விசிலையும் கேஸ்கட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்துச் சிறு தீயில் ஒரு மணி நேரம் விட்டால் வெந்துவிடும். திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டியை ரம்மில்தான் ஊறவைக்க வேண்டும் என்பதில்லை. பையில் நம் தோட்டத்துக் கமலா ஆரஞ்சு இருக்கிறது. அதன் சாற்றில் ஓர் இரவு ஊறினால் போதும். கறுப்பு நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கி வெந்நீர் ஊற்றும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள், தெறிக்கும்.

நட்சத்திரத்தைக் கடையில் வாங்காதே. சின்னக்கடை வீதிப் பக்கம் போனால் கண்ணைப் பறிக்கிற மாதிரி தொங்கும், மனம் இழுக்கும். வண்ணத்தாள் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வா. பையில் மூங்கில் சிம்புகள் சீவி வைத்திருக்கிறேன். நீளமானவை பத்து, குட்டையானவை ஐந்து. ஐந்து நீளச் சிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்துக் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு உள்ளே சிம்புகள் ஒன்றையொன்று வெட்டுகிற ஐந்து இடங்களிலும் குட்டைச் சிம்பை முட்டுக் கொடுத்து நிறுத்து. அப்போதுதான் நட்சத்திரத்துக்கு வயிறு வரும். முட்டு இல்லாவிட்டால் தட்டையாகத் தொங்கும், உள்ளே விளக்கு வைக்க இடம் இருக்காது. மைதாவைக் காய்ச்சிய பசையில் தாளை ஒட்டு. அதில் சிறிது மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது, ஆனால் சமையல் பாத்திரத்தில் கலக்காதே, அது நஞ்சு. பின்பக்கம் ஒரு முக்கோணத்தை மட்டும் ஒட்டாமல் விட்டு, அதன் வழியாக அரை வாட் எல்.இ.டி. பல்பை உள்ளே விடு. அந்தக் காலத்து பல்பு மாதிரி சுட்டுத் தாளைக் கருக்காது, கரண்டும் செலவில்லை. உங்கள் வீதியில் உங்கள் வீடு எது என்று கேட்கிறவர்களுக்கு அந்த நட்சத்திரம் வழி சொல்லும். நம்பி ஒட்டு, நன்றாக வரும்.

குடிலுக்குச் செலவே கிடையாது. முதன்முதலில் குடில் வைத்தவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ். 1223-இல், இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில். அவர் கேட்டு வாங்கியது ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. ஏழ்மையில் பிறந்த பாலன் இயேசுவை ஏழ்மையாகவே மக்கள் கண்ணால் காண வேண்டும் என்று ஆசைப்பட்டார். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் வைக்கோலோடு தொடங்கியதை நாம்தான் சீரியல் லைட்டும் செயற்கை அருவியுமாகப் பெருக்கி வைத்திருக்கிறோம். மாதா, சூசையப்பர், பாலன், மூன்று சுரூபம் போதும். இன்றே இரண்டு கொட்டாங்கச்சியில் மண் போட்டுக் கேழ்வரகு தெளித்து வை. தினமும் தண்ணீர் தெளித்தால் திருவிழாவுக்குள் விரல் உயரம் பச்சை வந்துவிடும், குடில் முன்னால் வைக்கலாம். சில்வர் ஓக் இலைக் கொத்துகளும் அனுப்பியிருக்கிறேன். இலையின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக மினுங்கும், கூரைக்கு நன்றாக இருக்கும். பாலனை மட்டும் பூசை முடிந்து வந்து வை, நம் வீட்டில் செய்கிற மாதிரி.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உனக்கு இளம்பிள்ளைச் சேலை ஒன்று, அவருக்கு ஒரு வேட்டி. அதற்குமேல் இந்த வருஷம் வேண்டாம்.

எங்கள் தலைக் கிறிஸ்துமஸ் பற்றி அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். உன் அத்தை கல்யாணம் முடிந்த நேரம் அது. என் சம்பளம் அந்தக் கடனுக்கே போய்க்கொண்டிருந்தது. காப்பிப் பழம் பறிக்கிற மும்முரத்தில் எஸ்டேட்டில் லீவும் இல்லை. இரண்டு பேருக்கும் புதுத் துணி எடுக்கக் காசு பற்றவில்லை. என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பேசினோம். டிசம்பர் குளிர் வேறு, லயன் வீட்டு ஓட்டு இடுக்கு வழியாகப் பனி உள்ளே இறங்கும். "ஆளுக்கொரு துணி எதற்கு, சேர்த்து ஒரு கம்பளி வாங்குவோம்" என்று அம்மாதான் சொன்னாள். தவிட்டு நிறக் கம்பளி, ஓரத்தில் சிவப்புக் கோடு. நள்ளிரவுப் பூசைக்கு அதையே இருவரும் போர்த்திக்கொண்டு போனோம். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்த பாட்டுக் குழுவுக்கு அம்மா சுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். இன்றுவரை அந்தக் குழு நம் வீட்டில் சுக்குக் காபி குடிக்காமல் போவதில்லை.

உங்கள் வீட்டுக்கும் பங்குக் கோயிலிலிருந்து கேரல் பாட்டுக் குழு வரும். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷக்காரரும் டிரம்முமாக இருபது பேராவது இருப்பார்கள். இருபது பேருக்குக் கேக்கும் ஜூஸும் கொடுக்க வேண்டும் என்று பதறாதே. காணிக்கைக் கவரில் உங்களால் முடிந்ததை வை, சுக்குக் காபி போடு. சுக்கும் மிளகும் பையில் இருக்கின்றன. பாடித் தொண்டை கட்டியவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்?

நீங்கள் வீடு பிடித்திருக்கும் அரிசிபாளையத்திலேயே குழந்தை இயேசு பேராலயம் இருப்பது பெரிய வசதி. ராத்திரி ஆட்டோச் செலவு கிடையாது, இருவரும் நடந்தே போய் வாருங்கள். பூசையில் லூக்காஸ் நற்செய்தி வாசிக்கும்போது கவனித்துக் கேள். சத்திரத்தில் இடமில்லாத ஒரு புருஷன் பெண்டாட்டியின் கதை அது. அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி இன்னொன்று வரும். குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது மரியாளும் சூசையப்பரும் புறாக்களைக் காணிக்கை கொடுத்தார்கள். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்கள் இரண்டு புறா கொடுக்கலாம் என்பது மோசேயின் சட்டம். வசதியில்லை என்பதற்காக அவர்கள் போகாமல் இருந்துவிடவில்லை, புறாவோடு போனார்கள். மூவாயிரம் ரூபாயை நினைத்து நீ குறுகிப்போகும்போது இதை நினைத்துக்கொள்.

அடுத்த வருஷத்துக்கு ஒரு வேலை செய். பண்டிகைச் சீட்டு என்று தெருவில் யாராவது நோட்டு எடுத்துக்கொண்டு வந்தால் சேராதே. எத்தனையோ குடும்பங்கள் அதில் பணத்தை இழந்திருக்கின்றன. இந்த மாதமே வங்கிக்குப் போய் ஓராண்டு ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்புக் கணக்கு, ஒன்று தொடங்கு. மாதம் முந்நூறோ ஐந்நூறோ, முடிந்ததைக் கட்டு. அடுத்த டிசம்பரில் வட்டியோடு கைக்கு வரும். மாப்பிள்ளை, நீ இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

பையில் உள்ளவை: ஆரஞ்சு, காப்பித்தூள் அரைக் கிலோ, மிளகு, சுக்கு, அச்சு, மூங்கில் சிம்புகள், சில்வர் ஓக் இலை. ஆரஞ்சில் இரண்டு மூன்று வழியில் அடிபட்டிருக்கும், அவற்றை முதலில் சாறெடு. மூங்கில் சிம்பில் சிராய் இருக்கலாம், மாப்பிள்ளையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் கட்டச் சொல். தம்பி மறுநாள் மாலையே மலை ஏறுகிறான், காலிப் பையை அவனிடமே கொடுத்துவிடு, அம்மாவுக்கு அது வேண்டுமாம்.

சம்பந்தியம்மாவை நாங்கள் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா