இத்தாலியரின் மொழி பிறகுதான் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

பல அரசுகளாகக் கிடந்த இத்தாலி ஒரே நாடானதைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான 'இத்தாலிய ஒருமைப்பாடு' கட்டுரையை வேலை முடிந்து வந்த கையோடு வாசித்தேன். தொண்டர் படையோடு சிசிலித் தீவைப் பிடிக்கப் போன தளபதி கரிபால்டியின் கடற்பயணத்தைக் கட்டுரையாளர் விறுவிறுப்பாகவே எழுதியிருக்கிறார். ஆனால் ஒரே மொழி பேசிய மக்கள் இயல்பாக ஒன்றுசேர்ந்தார்கள் என்று ஒரு வரி போட்டிருக்கிறாரே, அதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

இருபத்திரண்டு வருடமாகச் சிசிலியின் பலெர்மோ நகரில் இருக்கிறேன். எங்கள் கீழ்வீட்டு அம்மா வேலை செய்வதை என்னிடம் 'லவொராரே' என்பார். திரும்பி மகனோடு கதைக்கும்போது அதுவே 'திரவக்யாரி' ஆகிவிடும். முதலாவது இத்தாலியன், இரண்டாவது சிசிலியன். வந்த புதிதில் வகுப்பில் படித்த இத்தாலியனை நம்பிப் பல்லாரோ சந்தைக்கு மீன் வாங்கப் போய் முழிசிக்கொண்டு நின்றவள் நான்.

1861 மார்ச் 17 அன்று டூரினில் இத்தாலி இராச்சியம் பிரகடனமானது. அப்போது இத்தாலிய மொழி பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் என்பது மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோவின் கணிப்பு. தாராளமாகக் கணக்குப் போட்டவர்கள்கூட ஏறத்தாழ 10 பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நாலில் மூன்று பங்குக்கு மேல். ஒருமைப்பாட்டுக்குக் காய் நகர்த்திய பிரதமர் கவூருக்கே பிரெஞ்சுதான் கைக்கு வந்த மொழி. மன்னரோ புது நாட்டுக்கு முதல் அரசராக இருந்தும் 'இரண்டாம்' விக்டர் இம்மானுவேல் என்ற பழைய எண்ணை விடவில்லை. அவர் முன்பே ஆண்ட வடக்கத்திப் பீட்மொண்ட் அரசு பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று தெற்கில் இருந்தவர்கள் நினைத்திருந்தால் அவர்களில் பிழை சொல்ல முடியுமா?

சிசிலியின் கதையைக் கட்டுரை 1860 மே 11-இல், கரிபால்டியின் தொண்டர்களான ஆயிரம் செஞ்சட்டைக்காரர் சிசிலிக் கரையில் மர்சாலாவில் இறங்கியதோடு முடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகல்லவா விஷயம் இருக்கிறது! கரிபால்டி வந்தால் காணி கிடைக்கும் என்று நம்பிய விவசாயிகள் ஏராளம். அந்த ஆகஸ்டில் எட்னா மலையடியில் உள்ள புரொன்டேயில் காணி கேட்டு எழுந்தவர்கள் ஊர்ப் பெரியவர்கள் பலரைக் கொன்றார்கள். அடக்க வந்த கரிபால்டியின் தளபதி பிக்சியோ அவசர விசாரணை வைத்து ஐந்து பேரைச் சுடுவித்தார். அக்டோபர் 21-இல் வாக்கெடுப்பு. சிசிலியில் விக்டர் இம்மானுவேலின் அரசோடு இணைவதற்கு ஆதரவாக 4,32,053 வாக்குகள், எதிராக 667. (இப்படி ஒரு முடிவு இன்றைக்கு எங்காவது வந்தால் சிரிக்க மாட்டோமா?) அதற்கு முன் ஆண்ட பூர்போன் மன்னர்கள் காலத்தில் சிசிலியில் கட்டாய இராணுவ சேவை இருக்கவில்லை. புது அரசு வந்ததும் பிள்ளைகளை வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டு போனது. 1866 செப்டம்பரில் பலெர்மோவே கிளர்ந்தெழுந்தது. அடக்குவதற்குக் கடல் வழியாகப் படை வந்தது. ஏழரை நாள் நீடித்ததால் அந்தக் கலகத்தை இங்கே இன்றும் 'ஏழரை' என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்லைத் தமிழருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மொழி ஒன்றானது பள்ளிக்கூடத்தாலும், முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் வடக்கனும் தெற்கனும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததாலும், எல்லாவற்றையும்விட 1954-இல் வந்த தொலைக்காட்சியாலும்தான். 1960 முதல் 1968 வரை அல்பேர்த்தோ மான்சி என்ற ஆசிரியர் மாலை நேரத்தில் தொலைக்காட்சியில் தோன்றிப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். கீழ்வீட்டு அம்மாவின் தாயார் கையெழுத்து வைக்கப் பழகியது அப்படித்தானாம். அதுவரை பெருவிரல் ரேகைதான்.

இத்தாலிய ஒருமைப்பாட்டுக்குப் போராடிய மாஜினியின் சபதத்தை, பாரதியார் பாடியதை, கட்டுரை நினைவூட்டியது நல்லது. ஆனால் சபதம் எடுத்தவருக்குப் பிறகு என்ன நடந்தது என்றும் ஒரு வரி எழுதியிருக்கலாம். அவர் கேட்டது குடியரசு, வந்தது முடியரசு. 1866-இல் மெசினா மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்குத் தெரிவு செய்தபோது, அவர் மீது கிடந்த பழைய மரண தண்டனையைக் காட்டி அந்தத் தெரிவே செல்லாது என்றார்கள். 1872 மார்ச் 10-இல் பீசாவில் நண்பர்கள் வீட்டில் கண்மூடியபோதும் 'பிரவுண்' என்ற ஆங்கிலப் பெயரில்தான் ஒளிந்திருந்தார்.

இன்னொரு சிறு திருத்தம். ரோம் 1861-இல் தலைநகரானது என்று படத்தின் கீழே போட்டிருக்கிறீர்கள். நாடாளுமன்றம் அந்த ஆண்டில் அப்படி அறிவித்தது உண்மை. ஆனால் ரோம் அப்போது பாப்பரசர் கையில் இருந்தது, காவலுக்குப் பிரெஞ்சுப் படை. 1865 வரை டூரின், பிறகு புளோரன்ஸ். 1870 செப்டம்பர் 20-இல் இத்தாலியப் படை ரோமின் பியா வாசல் பக்கம் மதிலை உடைத்து உள்ளே போன பிறகு, 1871-இல்தான் அரசு ரோமுக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த இதழில் திருத்திப் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
பலெர்மோ, இத்தாலி