பீட்டர் ஜெஸ்பர்சனுக்கு ஒரு கடிதம்: ரீப்ளேஸ்மெண்ட்ஸ் உடைந்தது 1991இல் அல்ல

அன்புள்ள பீட்டர் ஜெஸ்பர்சன் அவர்களுக்கு,

வணக்கம். ரீப்ளேஸ்மெண்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் பால் வெஸ்டர்பெர்க்கிடம்தான் போய் நிற்பார்கள், குழு 1991இல் உடைந்தது என்றும் சொல்வார்கள். பாட்டெழுதிப் பாடியவர் அவர், அதனால் அவரிடம் போவது நியாயம்தான். நான் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், 1980 மே மாதம் அந்தக் கேசட்டை நீங்கள் போட்டுக் கேட்காமல் மேசையிலேயே விட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நீங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். மினியாபொலிஸ் நகரத்தில், 26ஆவது தெருவும் லிண்டேல் அவென்யூவும் சந்திக்கும் முனையில், 'ஓர் ஃபோக்ஜோக்கோபஸ்' என்று வாயில் நுழையாத பெயரோடு ஒரு ரெக்கார்டு கடை இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டவர் நீங்கள். ட்வின்/டோன் என்ற சிறிய ரெக்கார்டு நிறுவனத்தை இன்னும் இருவரோடு சேர்ந்து தொடங்கியவரும் நீங்கள். இரவானால் லாங்ஹார்ன் பாரில் ரெக்கார்டு போடுவதும் நீங்களே. அந்த ஊரில் கிடார் தூக்கிய எந்தப் பையனும் எப்படியும் உங்கள் முன்னால் வந்து நின்றாக வேண்டும்.

வெஸ்டர்பெர்க் வந்தபோது அவருக்கு வயது 20. ஒரு செனட்டரின் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலை. அவர் கொடுத்த கேசட்டில் நான்கு பாடல்கள். லாங்ஹார்னில் வேறு யாருடைய கச்சேரிக்காவது முன்னால் கொஞ்சம் வாசிக்க விட்டால் போதும் என்பதுதான் அவர் கேட்டது. கடையின் பின்னறையில் நீங்கள் 'ரெய்ஸ்ட் இன் தி சிட்டி'யைப் போட்டீர்கள். பாட்டு முடிவதற்குள்ளேயே நிறுத்தி, பின்னால் ஓட்டி, முதலிலிருந்து கேட்டீர்கள். அப்புறம் போன் போட்டு, ஒரு பாட்டு மட்டும் வெளியிடலாமா, முழு ஆல்பமே போடலாமா என்று விசாரித்தீர்கள். பாரில் இடம் கேட்டவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. இதையெல்லாம் பதிவு செய்யலாம் என்றா நினைக்கிறீர்கள் என்று உங்களையே திருப்பிக் கேட்டாராம்.

அந்தப் பாட்டு இன்றும் கிடைக்கிறது. 2008இல் பழைய ஆல்பங்களை மறுபடி வெளியிட்டபோது அந்த முன்னோட்டப் பதிவையும் (டெமோ) சேர்த்தார்கள், அந்த வேலையில் நீங்களும் இருந்தீர்கள். கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் வேகம், கொஞ்சம் கரகரப்பு. அதில் பத்து ஆண்டு எதிர்காலம் இருக்கிறது என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்காது.

பால் வெஸ்டர்பெர்க் வருவதற்கு முன்பே குழு இருந்தது, ஸ்டின்சன் வீட்டு நிலவறையில். பதின்வயதைச் சிறார் விடுதிகளில் கழித்துவிட்டு வந்த பாப் ஸ்டின்சன், தம்பி டாமியும் அந்த வழியில் போய்விடக் கூடாது என்று 11 வயதுப் பையன் கையில் பேஸ் கிடாரைத் திணித்தார். டிரம்ஸுக்கு கிறிஸ் மார்ஸ். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் பால் உள்ளே நுழைந்தார். நுழைந்த விதமும் அழகுதான்! ஏற்கெனவே இருந்த பாடகரைத் தனியே கூப்பிட்டு, மற்றவர்களுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லிக் கிளப்பிவிட்டார். முதலில் வைத்த பெயர் இம்பெடிமெண்ட்ஸ். ஒரு தேவாலயக் கூடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்ததில் இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்று துரத்தினார்கள். அதன் பிறகுதான் ரீப்ளேஸ்மெண்ட்ஸ் ஆனார்கள்.

1981இல் முதல் ஆல்பம், 18 பாடல்கள், எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம்கூட வராது. அடுத்த இரண்டு வெளியீடுகளைத் தாண்டி நேராக 1984க்கு வருகிறேன், ஏனென்றால் 'லெட் இட் பி' ஆல்பம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் பீட்டில்ஸ் பைத்தியம் என்பது ஊருக்கே தெரியும். வேனில் போகும்போது, ரேடியோவில் அடுத்து எந்தப் பாட்டு வருகிறதோ அதுதான் ஆல்பத்தின் பெயர் என்று பேசிக்கொண்டார்களாம், வந்தது பீட்டில்ஸின் 'லெட் இட் பி' பாட்டு. உங்களை வெறுப்பேற்றலாம் என்ற சந்தோஷத்திலேயே அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். தயாரிப்பாளர்களில் ஒருவராக உங்கள் பெயரும் அதே அட்டையில் இருப்பதுதான் வேடிக்கை. முன்னட்டையில் ஸ்டின்சன் வீட்டுக் கூரைமேல் நான்கு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள், எவர் முகத்திலும் நட்சத்திரக் களை கிடையாது.

'ஐ வில் டேர்' பாட்டுக்கு ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக் வந்து கிடார் வாசித்துவிட்டுப் போனார், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, 'ஆன்சரிங் மெஷின்'. கிடாரும் குரலும்தான். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. தொலைவில் இருக்கிற பெண்ணுக்கு போன் போடுகிறான், எடுப்பது இயந்திரம். மனசில் இருப்பதை இயந்திரத்திடம் எப்படிச் சொல்வது என்று கத்துகிறான், கிடார் அவனைவிட மேலே கத்துகிறது, முடிவில் தொலைபேசி நிலையத்தின் பதிவுக் குரல் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதே ஆல்பத்தில் பள்ளிக்கூடப் பையன்களின் ஆபாச ஜோக் போல ஒரு பாட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆல்பத்தில் வைக்க வேறு யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. அந்தக் கூச்சமின்மையின் பாதி பாபுடையது என்று நான் நினைக்கிறேன்.

மேடையில் எப்படி இருப்பார்கள் என்பது ஆட்டத்துக்குப் போனால்தான் தெரியும். சில இரவுகளில் அமெரிக்காவிலேயே சிறந்த குழு. சில இரவுகளில் போதையில் யார் யாருடைய பாட்டையோ எடுத்துப் பாதியில் விட்டுவிடுவார்கள். ஓக்லஹோமா சிட்டியில் ஒருவர் திருட்டுத்தனமாகப் பதிவு செய்துகொண்டிருந்த டேப்பை உங்கள் ஆட்கள் பிடுங்கி, பிறகு அதையே கேசட்டாக வெளியிட்டீர்கள். அதில் முக்கால்வாசி மற்றவர்களின் பாட்டு, அதுவும் அரைகுறையாக. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் ரசிகர்கள் இந்தக் குடியை ஒரு வீரமாகவே கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை. வேனுக்குள் நீங்களும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தவர் இல்லை என்பதால் உங்களிடம் தயங்காமல் சொல்கிறேன். முதல் ஆல்பத்துக்கு முன்பே 13 வயதுப் பையன் ஒருவன் இரவெல்லாம் பார்களில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தான், பத்தாம் வகுப்போடு பள்ளியையும் விட்டுவிட்டான். அதையெல்லாம் கதையாகச் சொல்லும்போது எல்லோரும் சிரிக்கிறோம்.

1985இல் சையர் ரெக்கார்டு நிறுவனத்தில் ஒப்பந்தம், 'டிம்' ஆல்பம். 1986 ஜனவரி 18 அன்று சாட்டர்டே நைட் லைவ் தொலைக்காட்சி நிகழ்ச்சி. வரவேண்டிய பாயிண்டர் சிஸ்டர்ஸ் குழு வராததால் கிடைத்த வாய்ப்பு அது. பால் மைக்கிலிருந்து தள்ளி நின்று பாபைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை விட்டார், அது நேரலையில் போய்விட்டது. இரண்டாவது பாட்டுக்கு ஆளாளுக்குச் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அந்த நிகழ்ச்சி அவர்களை மறுபடி கூப்பிடவே இல்லை. எம்டிவிக்கு வீடியோ கேட்டால், 'பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்' பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் காட்டினார்கள். பாட்டு முழுக்க அந்தப் பெட்டிதான், பக்கத்தில் முகம் தெரியாத ஒருவர் சிகரெட் பிடிக்கிறார், முடிவில் எழுந்து பெட்டியை எட்டி உதைத்துவிட்டுப் போகிறார். ஒரு நிறுவனத்தின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதே 1986இல், குழுவின் மேலாளராக இருந்த உங்களை வேண்டாம் என்றார்கள். பாபையும் வெளியே அனுப்பினார்கள்.

என் கணக்கில் குழு அங்கேயே முடிந்துவிட்டது. மறுப்பவர்களுக்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன என்பதும் தெரியும். மூன்று பேராக மெம்ஃபிஸுக்குப் போய் ஆர்டெண்ட் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் ஜிம் டிக்கின்சனோடு சேர்ந்து 1987இல் போட்ட ஆல்பம் அருமையான ஆல்பம். 'டிம்' பதிவின்போதே பாப் பாதி விலகிவிட்டார், இன்னும் ஒரு வருடம் அவரை இழுத்துப் பிடித்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கலாம். சரி. ஆனாலும் மெம்ஃபிஸுக்குப் பிறகு வந்த இரண்டு ஆல்பங்களையும் கேளுங்கள். பாலின் பாட்டைக் கெடுக்க ஆளில்லை. பால் கொஞ்சம் மென்மையாகப் போகும்போது குறுக்கே கிடாரால் கல்லெறிய பாப் இருந்தார், அந்தக் கல்தான் பாட்டை நிமிர்த்தியது. வெளியே, விற்குமா விற்காதா என்று பார்க்காமல் முதல் கேட்பிலேயே சிலிர்த்துப்போகும் ஒருவர் இருந்தார். இரண்டு பேரும் இல்லாத இடத்தில் மிஞ்சியது ஒரு நல்ல பாடலாசிரியரும் அவருடைய வாத்தியக்காரர்களும். பாபின் இடத்துக்கு வந்த ஸ்லிம் டன்லப்பைக் குறை சொல்லவில்லை, தங்கமான கிடார் கலைஞர்.

1987இல் அவர்கள் ட்வின்/டோன் அலுவலகத்துக்குப் போய், மூலப் பதிவுகள் என்று நினைத்து டேப்புகளை அள்ளிக்கொண்டு போய் மிசிசிப்பி ஆற்றில் வீசினார்கள். ரசிகர்களுக்கு இதுவும் ஒரு வீரக்கதை. எனக்கு அந்த டேப்புகளில் பெரும்பாலும் பாபின் கிடார்தான் இருந்திருக்கும் என்று தோன்றும்.

1989இல் 'ஐல் பி யூ' பாட்டு மாடர்ன் ராக் பட்டியலில் முதலிடம் வந்தது, பொதுப் பட்டியலில் 51க்கு மேல் ஏறவில்லை. நிறுவனம் எதிர்பார்த்த வெற்றி அவ்வளவுதான். 1990இன் கடைசி ஆல்பம் பெயருக்குத்தான் குழுவுடையது. கிறிஸ் மார்ஸ் கிளம்பிப்போய் ஓவியரானார். 1991 ஜூலை 4, சிகாகோ கிராண்ட் பார்க். கச்சேரி நடக்க நடக்க ஒவ்வொருவராக வாத்தியத்தை உதவியாளர்கள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்கள், முடிவில் மேடையில் குழுவே இல்லை. அதற்கு மூன்று மாதம்கூட ஆகாமல் நிர்வானா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்தது, அவர்கள் தட்டிய கதவு வேறு ஆட்களுக்குத் திறந்தது.

பாப் 1995 பிப்ரவரியில் இறந்தார், 35 வயது. குடியும் போதையும் உடம்பை உள்ளுக்குள் தின்றுவிட்டிருந்தன. 2013இல் பாலும் டாமியும் மறுபடி மேடையேறியபோது பெரிய கூட்டம், 80களில் அவர்கள் பார்த்தே இராத கூட்டம்.

2023இல் 'டிம்' ஆல்பத்தை எட் ஸ்டேசியம் புதிதாகக் கலவை செய்து வெளியிட்டார்களே, அதைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பழைய வெளியீட்டில் டிரம்ஸ் ஏதோ போர்வைக்கு அடியில் இருப்பதுபோல் கேட்கும். இப்போது கிறிஸ் பக்கத்து அறையில் அடிக்கிறார், டாமியின் பேஸ் தெளிவாக நடக்கிறது. பாப் வாசித்த கொஞ்சமும் இப்போதுதான் முழுசாக வெளியே வந்திருக்கிறது என்று எனக்குப்படுகிறது. 1985இல் ஸ்டூடியோவில் நீங்கள் கேட்டதும் இப்படித்தான் இருந்ததா?

அன்புடன்,
உங்களைப் பார்த்திராத ஒரு ரசிகன்