கணக்கு வினாத்தாளில் ஷிட்சோங்காவுக்கும் ஒரு வரி வேண்டும்

தென்னாப்பிரிக்க அடிப்படைக் கல்வித் துறையின் பொறுப்பாளர்களுக்கு,

அவுஷெனி. வணக்கம்.

லிம்போபோ மாகாணத்தில் கியானி நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் சில வருடங்கள் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். சொந்த ஊர் தமிழ்நாட்டில். இந்த மடலைத் தமிழில் எழுதி, ஆங்கில வடிவத்தையும் சேர்த்து அனுப்புகிறேன். தமிழில் எழுத எனக்கு ஒரு உரிமை இருப்பதாகவே நினைக்கிறேன். உங்கள் அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, வளர்த்து மதிக்க வேண்டிய மொழிகளைச் சொல்லும்போது தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களால் வந்த மரியாதை அது. ஆனால் டர்பன் கோயிலில் பெரியவர்கள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவதைப் பார்த்து வந்தவள் நான். அந்தக் காட்சி மனதை விட்டுப் போகவே இல்லை. லிம்போபோவில் பேசப்படும் ஷிட்சோங்கா மொழியைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

சரி, வகுப்பறைக்கு வருகிறேன். நான்காம் வகுப்பு, அறுபது பிள்ளைகள். இருபது மாம்பழத்தில் எட்டைக் கொடுத்துவிட்டால் எத்தனை மீதி என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மீதிக்கும் இடது பக்கத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். முன் வரிசையில் இருந்த சிறுமி கொஞ்சம் யோசித்துவிட்டு இடது கையைத் தூக்கிக் காட்டினாள். முந்தின வருடம் வரை அவள் கணக்கில் கெட்டிக்காரி. சக ஆசிரியை அதே கேள்வியை ஷிட்சோங்காவில் கேட்டார். கேட்டு முடிக்கும் முன்பே 'குமேம்பிரி' என்று பதில் வந்தது.

குமே என்றால் பத்து, ம்பிரி என்றால் இரண்டு. நம் பன்னிரண்டு மாதிரியே பத்தும் இரண்டும் சேர்ந்த சொல். இருபதுக்கு மகுமேம்பிரி, அதாவது இரண்டு பத்துகள். ஒன்றின் இடம், பத்தின் இடம் எல்லாம் எண்ணின் பெயரிலேயே இருக்கின்றன. பன்னிரண்டுக்கான ஆங்கிலச் சொல்லில் பத்து எங்கே இருக்கிறது? மூன்று வருடம் இந்த வசதியோடு கணக்குப் படித்த பிள்ளையை, நான்காம் வகுப்பில் ஒரே நாளில் வேறு மொழிக்குத் தள்ளிவிட்டோம். தள்ளியவர்களில் நானும் ஒருத்தி.

2025இல் நான்காம் வகுப்பிலிருந்து கணக்கையும் அறிவியலையும் தாய்மொழியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே நடத்தத் தொடங்கினீர்கள். கிழக்கு கேப் மாகாணம் 2012இலேயே கோசா, சோத்தோ மொழிகளில் தொடங்கிய வேலை இது. செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு பயம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் எழுதும் மெட்ரிக் தேர்வில் மொழிப்பாடங்களை விட்டால் மற்ற வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும், டச்சு மொழியிலிருந்து பிறந்த ஆஃப்ரிக்கான்ஸிலும்தான் வருகின்றன. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் 8.7 சதவீதம், ஆஃப்ரிக்கான்ஸ் பேசுவோர் 10.6 சதவீதம். இரண்டும் சேர்ந்தாலும் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. கடைசித் தேர்வில் இல்லாத மொழியில் பிள்ளை எதற்குப் படிக்க வேண்டும் என்று தாய்மார்கள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

அவர்கள் சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறவெறி ஆட்சி 1953இல் கொண்டுவந்த பாண்டு கல்விச் சட்டம் தாய்மொழியைக் காட்டியே கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டமான படிப்பைக் கொடுத்தது. அப்புறம் ஆஃப்ரிக்கான்ஸைத் திணிக்கப் போய், 1976 ஜூன் 16 அன்று சொவேட்டோவில் அதை எதிர்த்துப் போராடிய பிள்ளைகள் சுடப்பட்டார்கள். மொழியியலில் ஷிட்சோங்கா, ஸூலு போன்றவை பாண்டு மொழிகள்தான். ஆனால் அந்தச் சொல் இன்றும் பெரியவர்களைச் சுடும். அதனால் ஆப்பிரிக்க மொழிகள் என்றே எழுதுகிறேன். இப்படிக் காயம்பட்டவர்களிடம் வெறும் வாக்குறுதி எடுபடாது. அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தால் நம்புவார்கள்.

2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில் உங்கள் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேரால் பொருள் புரிந்து வாசிக்க முடியவில்லை. பெரும்பாலானோர் அதைத் தாய்மொழியில்தானே எழுதினார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் வாசித்துப் பழகப் புத்தகம் எங்கே? ஆங்கிலக் கதையை அப்படியே மொழிபெயர்த்தால் போதாது. 'உன்னை நேசிக்கிறேன்' என்பதை ஸூலுவில் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுகிறார்கள், ஷிட்சோங்காவில் மூன்று சொல்லாகப் பிரித்து. ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வாசிக்கிறான் என்ற ஆங்கில அளவுகோல் இவ்விரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்?

பாடத்துக்கான சொற்கள் இல்லை என்பார்கள். முங்கானா லோனெனே என்ற ஷிட்சோங்கா வானொலியை ஒருநாள் கேளுங்கள். வட்டி விகிதம், தடுப்பூசி, கால்பந்து என எல்லாவற்றையும் அந்த மொழியிலேயே பேசுகிறார்கள். லிம்போபோ பல்கலைக்கழகத்தில் 2003 முதல் ஆங்கிலத்தோடு செபெடி என்ற ஆப்பிரிக்க மொழியிலும் பட்டப்படிப்பு நடத்தியிருக்கிறார்கள். பட்டப்படிப்புக்கு ஆப்பிரிக்க மொழி ஆகுமென்றால் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு ஏன் ஆகாது?

எங்கள் ஊரில் அரசுப் பொதுத்தேர்வுக் கணக்குத் தாளில் ஒவ்வொரு கேள்வியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். தமிழ் வழிப் பிள்ளை ஆங்கில வரியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளும். ஆங்கில வழிப் பிள்ளை சந்தேகம் வந்தால் தமிழ் வரிக்குப் போகும். அதனால் எவருடைய ஆங்கிலமும் கெட்டுப்போகவில்லை.

2025இல் நான்காம் வகுப்பில் நுழைந்த பிள்ளைகள் 2033இல் மெட்ரிக் எழுதுவார்கள். அந்த வருடத்துக் கணக்கு, அறிவியல் தாள்களில் ஆங்கிலத்தோடு ஷிட்சோங்கா, வெண்டா, இந்தெபெலே உட்பட ஒன்பது ஆப்பிரிக்க மொழிகளும் இருக்கும் என்று இப்போதே அறிவியுங்கள். ஸூலுவும் கோசாவும் முதலில், சின்ன மொழிகள் பிறகு என்று வரிசை வைத்துவிடாதீர்கள். கலைச்சொல் பட்டியலுக்கும், ஆசிரியர் பயிற்சிக்கும், மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும் 2033 வரை இருக்கும் காலம் அப்படியொன்றும் அதிகமில்லை. அறிவிப்பு வந்துவிட்டால் அந்தத் தாய்மார்களுக்குச் சொல்ல ஆசிரியர்களிடம் ஒரு பதில் இருக்கும்.

இன்கோமு. நன்றி.

அன்புடன்,
கியானி பக்கத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த ஒரு தமிழ் ஆசிரியை