பீன்ஸ் புட்டிகளைப் பற்றி, சுந்தரத்துக்கு

அன்புள்ள சுந்தரம்,

நீ வீட்டிலேயே புட்டிகளில் அடைத்து அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. ஒன்றும் உடையவில்லை. மற்றவர்கள் வாயிலாக உனக்குத் தெரிவதைவிட நானே எழுதிவிடுவது நல்லது: பீன்ஸ், காளான், பூண்டு எண்ணெய் ஆகிய மூன்று புட்டிகளையும் நாங்கள் தொடவில்லை. மூடியைத் திறக்காமலே கனமான பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். நாளைக் காலை குப்பைக்குப் போகிறது. கோபப்படு, உனக்கு உரிமை உண்டு. ஆனால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் பழையபடிதான். பெரியவன் வேலை மாறியிருக்கிறான், சம்பளம் கூடுதல், தூக்கம் குறைவு. பதில் போடாமல் இத்தனை நாள் இருந்ததற்கு நீ திட்டியதெல்லாம் வந்து சேர்ந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பீன்ஸ் புட்டியோடு ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாய். "மூடி டப்பென்று உள்ளே இழுத்துக்கொண்டது. காற்று துளிகூடப் புகாது. இரண்டு வருஷம் தாங்கும்!" படித்ததும் சிரிப்பு வந்தது. ரேடியோ விவகாரத்தின்போது இருந்த அதே சுந்தரம், ஆச்சரியக்குறி உட்பட. அடுத்த வரியில், "மூன்று மணி நேரம் கொதிநீரில் வைத்தேன்" என்று எழுதியிருந்தாய். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

நான் இத்தனை வருஷம் டப்பா உணவுத் தொழிற்சாலையில் ரிடார்ட் முன்னால், அதாவது டப்பாக்களை அழுத்த நீராவியில் சூடாக்கும் பெரிய கலத்தின் முன்னால், நின்றவன். அங்கே எங்கள் எல்லோருக்கும் பயம் ஒரே ஒரு கிருமியிடம்தான். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று பெயர். மண்ணில் எங்கும் இருக்கிறது. உன் தோட்டத்து பீன்ஸிலும் இருக்கும், கழுவினாலும் முழுக்கப் போகாது. சும்மா இருக்கும்போது அது ஒரு வித்து, கெட்டியான ஓட்டுக்குள் உறங்குகிற உயிர். அந்த நிலையில் பெரியவர்கள் விழுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நாம் தினமும் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். அது விழித்துப் பெருக அதற்கு என்னென்ன வேண்டும் தெரியுமா? காற்று இருக்கக் கூடாது. புளிப்பு இருக்கக் கூடாது. ஈரம் வேண்டும். அறையின் சாதாரணச் சூடு வேண்டும். பெருகும்போது ஒரு நஞ்சை உண்டாக்குகிறது. மனிதனுக்குத் தெரிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றில் அது ஒன்று.

இப்போது உன் பீன்ஸ் புட்டியை நினைத்துப் பார். காற்று இல்லை, நீயே பெருமையாக எழுதியிருக்கிறாய். புளிப்பு இல்லை. தண்ணீர் நிறைய இருக்கிறது. அலமாரியில் இதமான சூடு. அது கேட்கிற அத்தனையையும் நீ வரிசையாக வைத்துக் கொடுத்திருக்கிறாய், சுந்தரம்.

"மூன்று மணி நேரம் கொதித்த பிறகு எந்தக் கிருமி பிழைக்கும்?" என்று கேட்பாய். இதுதான் பிழைக்கும். 100 டிகிரி கொதிநீரில் மணிக்கணக்காகக் கிடந்தாலும் அந்த வித்து சாவதில்லை. கூட இருந்த மற்ற கிருமிகளெல்லாம் செத்துப்போய், போட்டிக்கு ஆளில்லாமல் இது மட்டும் மிஞ்சுகிறது. தண்ணீரை நீ எவ்வளவு கொதிக்கவிட்டாலும் அது 100 டிகிரியைத் தாண்டாது. தாண்ட வேண்டுமானால் அழுத்தம் வேண்டும். அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு காட்டும்போது நீராவி ஏறக்குறைய 116 டிகிரிக்குப் போகிறது. 15 பவுண்டு என்றால் 121. தொழிற்சாலையில் நாங்கள் பிடித்துக்கொண்டிருந்த கணக்கு, டப்பாவின் நட்டநடுவில், சூடு கடைசியாகப் போய்ச் சேருகிற இடத்தில், 121 டிகிரி குறைந்தது மூன்று நிமிஷம் நிற்க வேண்டும் என்பது. கொதிநீரில் மூன்று மணி நேரம் வைத்தாலும் அந்த மூன்று நிமிஷத்துக்கு ஈடாகாது.

மூடி உள்ளே இழுத்துக்கொண்டது என்றாயே, அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். உள்ளே இருந்த நீராவி ஆறிச் சுருங்கியிருக்கிறது. சூடாக எதை ஊற்றி மூடினாலும் அப்படித்தான் இழுக்கும். உள்ளே வித்து செத்ததா என்று மூடிக்கு எப்படித் தெரியும்?

எனக்கு ஆத்திரம் வருவது உன்மேல் அல்ல. "கொதிக்க வை, மூடு, கவிழ்த்து வை" என்று பாதி விஷயத்தை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு மீதியை விட்டுவிடுகிறார்களே, அவர்கள்மேல். ஓவனுக்குள் புட்டியை அடுக்கிச் சூடாக்கினால் போதும் என்று சொல்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். ஓவன் எத்தனை டிகிரி காட்டினாலும், புட்டிக்குள் தண்ணீர் இருக்கும்வரை உள்ளே கொதிநிலைக்கு மேல் ஏறாது. கண்ணாடி வெடித்தால் அது தனி ஆபத்து.

கெட்டுப்போனால் நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதே. சில புட்டி உப்பும், சிலவற்றைத் திறந்தால் சீறும், நாறும். ஆனால் எதுவுமே தெரியாமல், நிறமும் மணமும் மாறாமல், நஞ்சு மட்டும் இருக்கலாம். சாப்பிட்டவனுக்கும் உடனே தெரியாது. பொதுவாக 12 மணி முதல் 36 மணி நேரத்தில் ஆரம்பிக்கும், சிலருக்குச் சில நாள் கழித்து. பார்வை இரண்டாகத் தெரியும். இமை தானாகக் கீழே இறங்கும். பேச்சு குழறும். விழுங்க முடியாது. முகத்தில் தொடங்கிய தளர்ச்சி கழுத்து, கை, மார்பு என்று இறங்கி, மூச்சுத் தசை வரை போகும். இவ்வளவு நடக்கும்போதும் புத்தி தெளிவாக இருக்கும். முறிமருந்து உண்டு. ஆனால் அது நஞ்சு மேலும் பரவுவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே படுத்த தசையை எழுப்பாது. செயற்கைச் சுவாசத்தில் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறார்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2015 ஏப்ரலில் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், ஒரு தேவாலய விருந்து. வீட்டில் புட்டியில் அடைத்த உருளைக்கிழங்கை எடுத்து யாரோ அன்போடு சாலட் செய்து கொண்டுவந்திருந்தார்கள். 29 பேருக்கு நோய் கண்டது, ஒருவர் இறந்துபோனார். அந்த உருளைக்கிழங்கை உன்னைப் போலவே கொதிநீரில் வைத்து அடைத்திருந்தார்கள். பூண்டு எண்ணெயும் அப்படித்தான். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில், எண்ணெயில் போட்டு வெளியே வைத்திருந்த நறுக்கிய பூண்டைச் சாப்பிட்டு 36 பேர் விழுந்தார்கள். எண்ணெய் காற்றை அடைத்துவிடுகிறது, பூண்டில் மண்ணின் வித்து இருக்கிறது, புளிப்போ கிடையாது. புதிதாகச் செய்த பூண்டு எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். நீ அதைச் சாதாரண பார்சலில் அனுப்பியிருக்கிறாய்!

"என் மாமியார் காலமெல்லாம் இப்படித்தான் செய்தார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று நீ சொல்லப்போவது எனக்கு இப்போதே கேட்கிறது. உண்மைதான். எல்லாப் புட்டியிலும் வித்து விழித்துவிடுவதில்லை. அவர் பிழைத்தது அதிர்ஷ்டத்தால். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி உன் பேத்திக்கு ஊட்டுவாயா?

இன்னொரு கேள்வியும் கேட்பாய், நீ கேட்காமல் விடமாட்டாய்: "சாப்பிடும் முன் மறுபடி கொதிக்கவைத்தால்?" நல்ல கேள்வி. வித்துதான் சூட்டுக்கு அசையாதது, நஞ்சு அப்படியல்ல. பத்து நிமிஷம் நன்றாகக் கொதித்தால் நஞ்சு சிதைந்துவிடும். ஆனால் அதை நம்பித் தப்பாக அடைத்த புட்டியைச் சாப்பிடாதே. அடுப்பில் வைக்குமுன் யாராவது ஒருவர் விரலால் தொட்டு ருசி பார்ப்பார். ருசி பார்க்கிற அளவே போதும் ஆளைச் சாய்க்க. ஒஹாயோவில் சாலட்டை யார் கொதிக்கவைப்பார்கள்?

இப்போது நல்ல சேதி. உன் பிளம்ஸ் ஜாம் பிரமாதம். வீட்டில் சண்டையே நடக்கிறது. அதை ஏன் பயமில்லாமல் தின்கிறோம் என்றும் சொல்கிறேன். பழத்தில் புளிப்பு இருக்கிறது, அதற்கு மேல் சர்க்கரை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, கிருமிக்குக் கொடுக்காது. அமில அளவில் பிஎச் 4.6தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே, அதாவது அதைவிடப் புளிப்பாக இருந்தால், அந்த வித்து முளைக்காது. அப்படிப்பட்டவற்றுக்கு உன் கொதிநீர்ப் பாத்திரமே போதும். பெரும்பாலான பழம், ஜாம், முறைப்படி வினிகர் சேர்த்த ஊறுகாய் எல்லாம் அந்தப் பக்கம். பீன்ஸ், காளான், சோளம், கிழங்கு, கேரட், இறைச்சி, மீன் எல்லாம் இந்தப் பக்கம். நீ பாதி வேலையைச் சரியாகவே செய்திருக்கிறாய். அதனால்தான் மீதியைப் பார்த்து வயிறு எரிகிறது.

ஜாமில் பூஞ்சை கண்டால் மட்டும் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடாதே. பூஞ்சை அமிலத்தைத் தின்று புளிப்பைக் குறைத்துவிடும். முழுப் புட்டியும் போக வேண்டியதுதான்.

தக்காளி கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிற ஆள். ஒரு செடியின் பழம் புளிப்பாக இருக்கும், அடுத்தது இருக்காது. அதனால் அரை லிட்டர் புட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊற்ற வேண்டும். அதுவும் பாட்டிலில் விற்கிற சாறு, ஏனென்றால் அதில் புளிப்பின் அளவு மாறாது. பிழிந்த சாற்றில் பழத்துக்குப் பழம் மாறும். உன் தக்காளியில் சேர்த்தாயா இல்லையா என்று எழுது. அதுவரை அந்தப் புட்டி என் அலமாரியில் திறக்காமல் காத்திருக்கும். வெள்ளரிக்காய் ஊறுகாயில் "வினிகர் தூக்கலாக இருந்ததால் பாதியாகக் குறைத்தேன்" என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் தலையில் அடித்துக்கொண்டேன். 5 சதவீத வினிகரை அளவு மாறாமல் ஊற்று. புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் சர்க்கரையைக் கூட்டு, வினிகரைக் குறைக்காதே.

பீன்ஸை அடைத்தே தீருவேன் என்றால் பிரஷர் கேனர் வாங்கு, புட்டிகளை நீராவி அழுத்தத்தில் சூடாக்குவதற்கென்றே செய்த பாத்திரம் அது. வீட்டுக் குக்கர் ஆகாது. அது சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். புட்டிகளுக்கென்று சோதித்து வகுத்த நேரங்களில் அந்த ஏறுகிற, இறங்குகிற நேரமும் சேர்ந்தே இருக்கிறது. கேனரில் முதலில் பத்து நிமிஷம் ஆவியைத் தாராளமாக வெளியே விடு, பிறகுதான் வெயிட் போடு. உள்ளே காற்று தங்கினால் முள் 10 காட்டும், சூடு 116 இருக்காது. நெட்டையனுக்கும் உன் முறையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அவன் இருப்பதோ மலைமேல். சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். அவனுக்கு அழுத்தமும் கூடுதல், ஜாமுக்கு நேரமும் கூடுதல். கேனர் வரும்வரை பீன்ஸைக் கொதிநீரில் மூன்று நிமிஷம் போட்டெடுத்து, ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, ஃப்ரீசரில் வை. உறைநிலை கிருமியைக் கொல்லாது, ஆனால் வளரவிடாது.

இந்தக் கலைமேல் எனக்கு வெறுப்பு என்று நினைத்துவிடாதே. நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர் 1810இல் இந்த முறையை அரசாங்கத்திடம் கொடுத்து 12,000 பிராங்க் பரிசு வாங்கினார். புட்டியில் அடைத்துச் சூடாக்கினால் கெடாது என்று அவருக்குத் தெரியும், ஏன் கெடாது என்று தெரியாது. லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி வந்து, கிருமிதான் காரணம் என்று சொல்ல அரை நூற்றாண்டு ஆயிற்று. எமில் வான் எர்மெங்கெம் என்ற விஞ்ஞானி இந்த பாட்டுலினம் கிருமியைப் பிடித்தது 1895க்குப் பிறகு, பெல்ஜியத்தில் ஒரு கிராமத்தில் கெட்ட ஹாமை, அதாவது பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியை, தின்று மூன்று இசைக்கலைஞர்கள் செத்த பின்னால். அவர்களுக்குத் தெரியாமல் போனது நமக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் விடக் கூடாது.

அதனால் இன்றைக்கே ஒன்று செய். யார் யாருக்கு பீன்ஸும் காளானும் பூண்டு எண்ணெயும் கொடுத்தாய் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் போன் செய். வெட்கப்படாதே. வாத்தியாரிடம் முதலில் பேசு, அவர்தான் வந்த அன்றே திறக்கிற ஆள். ஏற்கெனவே சாப்பிட்டவர்கள் யாருக்காவது பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நாக்கு குழறினாலோ ஒரு நிமிஷமும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல், என்ன சாப்பிட்டோம் என்பதை டாக்டரிடம் சொல்லச் சொல். உப்பிய, கசிந்த புட்டி இருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம், திறக்கவும் வேண்டாம். பேசி முடித்ததும் எனக்கு ஒரு வரி போடு, அதுவரை எனக்குத் தூக்கம் பிடிக்காது.

கேனர் வாங்கப் போகிறபோது முன்கூட்டியே சொல். எது வாங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன், முதல் தடவை வந்து பக்கத்தில் நின்று போட்டும் தருகிறேன்.

உன்,
மணி

பி.கு.: பூசணிக்காயை வேகவைத்து மசித்து அடைக்கப்போவதாக எழுதியிருந்தாய். கேனர் வந்த பிறகும் அது வேண்டாம். கெட்டியான விழுதின் நடுவுக்குச் சூடு போய்ச் சேருவதை வீட்டில் உறுதிசெய்ய முடியாது. துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரோடு அடைக்கலாம், மசிப்பதைப் புட்டியைத் திறந்த பிறகு வைத்துக்கொள். ஜாம் இன்னொரு புட்டி இருந்தால் அனுப்பு.