ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு நிறுத்தியிருக்க வேண்டிய சுகர் மாத்திரையை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுத்தது குறித்த புகார்

மருத்துவமனை நிர்வாகத்துக்கும் நோயாளிகள் குறைதீர்ப்புப் பிரிவுக்கும்,

வணக்கம். உங்கள் கோவை மருத்துவமனையில் இந்த வருடம் தை மாதக் கடைசியில் எடை குறைப்புக்காக ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) செய்துகொண்ட ஈரோட்டுக்காரி நான். பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 41, பல வருடச் சுகர், மூட்டு வலி என்று எல்லாம் என் கோப்பில் இருக்கிறது. கத்தி பிடித்த டாக்டரின் மேல் எனக்குக் குறை கிடையாது, தையல் சுத்தமாக ஆறிவிட்டது, மறுநாளே நடக்கவும் வைத்தார்கள். நான் எழுதுவது அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைப் பற்றி, முக்கியமாக டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த ஒரு வரியைப் பற்றி.

அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் நான் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிட்டு வந்தேன். டிஸ்சார்ஜ் சீட்டில் 'பழைய சுகர் மாத்திரைகளைத் தொடரவும்' என்று எழுதி, கீழே அதே அளவையும் குறித்துக் கொடுத்தார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, நாள் முழுக்க மோர்த் தெளிவும் பருப்புத் தண்ணீரும் மட்டும் ஸ்பூன் ஸ்பூனாகக் குடிக்கும் ஒருத்திக்குப் பழைய அளவு. கிளிமிபிரைடு நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. அதோடு இந்த ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே, எடை குறையும் முன்பே, குடல் ஹார்மோன்கள் மாறிச் சுகர் இறங்கத் தொடங்கிவிடும். அதனால் இந்த வகை மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் விரலில் குத்திப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் வேறு மருந்து கொடுப்பதுதான் வழக்கம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் ஊர் டாக்டர். வருடக்கணக்காக இந்த ஆபரேஷனைச் செய்துவரும் உங்கள் துறைக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, அப்படியானால் அந்தச் சீட்டைக் கையெழுத்துப் போடுமுன் யாரும் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். போதாக்குறைக்கு, மாத்திரை பெரிதாக இருக்கிறதே என்று வார்டில் கேட்டபோது பொடி செய்து குடிக்கச் சொன்னார்கள். மெதுவாகக் கரையும்படி செய்த எஸ்.ஆர். மாத்திரையைப் பொடிக்கவே கூடாதாம், அதையும் ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து சில நாளில் குடித்ததெல்லாம் வாந்தியாக வர ஆரம்பித்தது. நோயாளிகளோடு பேச நீங்கள் வைத்திருக்கும் கோ-ஆர்டினேட்டருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். பணம் கட்டும் வரைக்கும் ராத்திரி பதினோரு மணிக்குக்கூட உடனே பதில் போட்டவர், இப்போது செய்தியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அன்று நள்ளிரவு தாண்டி எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்கி, பேச்சு குழறிவிட்டது. என் மகன் கோப்பின் அட்டையில் இருந்த '24 மணி நேர உதவி எண்'ணைத் திரும்பத் திரும்ப அழைத்தான். கடைசியில் எடுத்தவர் ரிசப்ஷனில் இருப்பவர், 'காலையில் ஓ.பி. திறந்ததும் கூப்பிடுங்க தம்பி' என்று சொல்லி வைத்துவிட்டார். பக்கத்து நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது சுகர் 46-க்கு இறங்கியிருந்தது. அங்கிருந்த டியூட்டி டாக்டர், இத்தனை நாள் வாந்தி எடுத்தவள் என்பதால் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டுக் குளுகோஸ் ஏற்றினார். தொடர்ந்து வாந்தி எடுக்கும்போது அந்தச் சத்துக் குறைந்தால் மூளையையே பாதிக்கும் என்று அவர் விளக்கினார். நிறைய அனுபவம் உள்ள இடம் என்று நம்பிக் கோவை வரைக்கும் வந்தேன், கடைசியில் உயிரைக் காப்பாற்றியது பத்துப் படுக்கை கொண்ட நர்சிங் ஹோம்.

2024-இல் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் பக்கம் இதே மாதிரி எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் இறந்த செய்தியைப் படித்துவிட்டு, எங்கள் வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். உங்கள் கவுன்சலிங்கில் அதைக் கேட்டபோது 'எங்களிடம் எல்லாவற்றுக்கும் புரோட்டோகால் இருக்கிறது' என்றீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் கன்சென்ட் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். இரைப்பையை வெட்டி ஸ்டேப்ளர் போட்டு மூடிய இடத்தில் லீக் ஆவது நூற்றில் ஓரிருவருக்கு நடக்கக்கூடியது, அது வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். நெஞ்சு படபடப்பு, காய்ச்சல், இடது தோள்பட்டை வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே வர வேண்டும் என்று என் சீட்டில் ஒரு வரி இருக்கிறதா என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். இல்லை. 'எதாவது என்றால் தொடர்பு கொள்ளவும்' என்று மட்டும் இருக்கிறது, தொடர்பு கொண்டால் என்ன நடந்தது என்பதை மேலே எழுதிவிட்டேன்.

டயட் சார்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முட்டைகூடச் சாப்பிடாதவள் என்று அட்மிஷன் படிவத்திலேயே இருக்கிறது. கொடுத்த தாளில் சிக்கன் பிராத், டூனா, கிரீக் யோகர்ட், அவகாடோ, அளவெல்லாம் அவுன்ஸில். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்று மட்டும் வாயால் சொன்னார்கள், அதைப் பாசிப்பருப்பு, பனீர், சோயா, தயிர் என்று எங்கள் சமையலறையில் எப்படிச் சேர்ப்பது என்று சொல்ல ஆளில்லை. பி12, இரும்பு, வைட்டமின் டி எல்லாம் காலம் முழுக்க எடுக்க வேண்டும் என்பதை நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன், உங்கள் சீட்டில் ஒரு மாதத்துக்கு மட்டும் எழுதியிருந்தது. இன்னொன்று, வார்டில் என் கைக்கு ஏற்ற பெரிய பி.பி. பட்டை இல்லாமல் சின்னதையே இழுத்துக் கட்டி, அது காட்டிய அளவைப் பார்த்து பி.பி. மாத்திரையைக் கூட்டினார்கள். சின்னப் பட்டை கட்டினால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பருமனாக இருப்பவர்களுக்கென்றே நடத்தும் வார்டில் அந்தப் பட்டையும் எங்களுக்குப் பொருந்தும் கவுனும் இருக்க வேண்டாமா? கவுன் முடிச்சுப் போட முடியாமல் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஸ்கேனுக்குப் போனேன், அதைப் பார்த்து இரண்டு பேர் சிரித்ததை நான் மறக்கவில்லை.

அப்புறம் பணம். உங்கள் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் 'உடல் பருமன் ஆபரேஷனுக்கு எந்தப் பாலிசியிலும் கிடைக்காது' என்று சொல்லி நாலரை லட்சத்தையும் கையில் கட்ட வைத்தீர்கள். அது தவறான தகவல். டாக்டர் பரிந்துரை இருந்தால், 18 வயது நிறைந்தவருக்கு பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல், அல்லது உடற்பயிற்சி, டயட் எல்லாம் பலன் தராத நிலையில் கட்டுக்குள் வராத டைப் 2 சுகர் போன்ற நோயோடு 35 அல்லது அதற்கு மேல் என்றால் இதை விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) 2019-லேயே வரையறுத்துவிட்டது. இப்போது நானாக கிளைம் போட்டால், கம்பெனி பில்லின் பிரிப்பையும் ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜின் (ஸ்டேப்ளருக்குள் போடும் பின் தொகுப்பின்) ஸ்டிக்கரையும் கேட்கிறது. நீங்கள் கொடுத்தது 'பேக்கேஜ்' என்று ஒரே வரி. ஆனால் அந்தப் பேக்கேஜுக்கு வெளியே கார்ட்ரிட்ஜ் கூடுதலாக ஆனது என்று டிஸ்சார்ஜ் அன்று தனியாக 62 ஆயிரம் வாங்கியிருக்கிறீர்கள், அது எத்தனை, என்ன விலை என்று எதிலும் இல்லை.

எனக்கு வேண்டியது இதுதான். அந்த மாத்திரை வரியை எழுதியது யார், சரிபார்த்தது யார் என்பதற்கு எழுத்தில் விளக்கம். பிரித்த பில், ஸ்டிக்கர்கள், கேஸ் ஷீட்டின் முழு நகல். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதியே சொல்கிறது, நான் முன்பே எழுதிக் கேட்டும் இன்னும் வரவில்லை. கணக்குக் காட்ட முடியாவிட்டால் அந்த 62 ஆயிரத்தையும், நர்சிங் ஹோம் செலவையும் திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இந்த வாரம் உங்களிடம் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிற சுகர் நோயாளிகளின் சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். ராத்திரியில் போனை எடுக்க இந்த ஆபரேஷனைப் பற்றித் தெரிந்த ஒரு சிஸ்டரையாவது போடுங்கள். என்னைப் பார்த்துக்கொள்ள மகன் இருந்தான், தனியாக இருப்பவருக்கு இது நடந்திருந்தால் விடிந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுப்பேன். பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது, 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கோ-ஆர்டினேட்டரை விட்டுப் பேச வேண்டாம். பொறுப்பான மருத்துவரின் கையெழுத்தோடு, கோப்பில் உள்ள முகவரிக்குத் தபாலில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்ட நோயாளி,
ஈரோடு.