ஏழாம் வகுப்புக்கு ஒரு கட்டுக் காகிதம்

அன்புள்ள தமிழ்ச்செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகன் விடுதிக்குப் போய்விட்டதால் சாயங்காலங்களில் கடிதம் எழுத நேரம் கிடைக்கிறது.

புதுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு உன் கைக்கு வந்துவிட்டது, வடிவியல் என்றாலே பிள்ளைகள் முகம் வாடுகிறது என்று எழுதியிருந்தாய். கொஞ்ச நாள் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறக்கவே சொல்லாதே. ஆளுக்கொரு தாள் கொடு.

முதலில் முக்கோணம். ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு ஒன்று வெட்டட்டும். மடிப்பு அடிப்பக்கத்துக்கு இணையாக இருக்கும்படி, மேல் முனையை அடிப்பக்கத்தைத் தொட மடிக்க வேண்டும். மற்ற இரு முனைகளையும் அதே புள்ளிக்குக் கொண்டுவந்தால் மூன்று கோணங்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நேர்கோடாகும். 180 டிகிரி அங்கேயே தெரிந்துவிடும். விரிகோண முக்கோணம் (ஒரு கோணம் 90 டிகிரிக்கு மேல்) வெட்டிய சிலருக்கு முனை வெளியே போய் விழும். "டீச்சர், எனக்கு வரலை" என்பார்கள். நீ பதில் சொல்லிவிடாதே. மிக நீளமான பக்கத்தை அடியில் வைத்தால் வரும் என்று பக்கத்து பெஞ்சே கண்டுபிடிக்கும். ஏன் அப்படி என்று கேட்டால் போதும், முனையிலிருந்து அடிப்பக்கத்துக்கு இறங்கும் குத்துக்கோடு எங்கே விழும் என்ற பாடம் தானாகத் தொடங்கிவிடும்.

நான் அதிக நேரம் நிற்பது சமபக்க முக்கோணத்தில்தான். சதுரத் தாளின் இடது, வலது ஓரங்கள் சேரும்படி மடித்துப் பிரித்தால் நடுவில் ஒரு கோடு விழும். இனி கீழ் வலது முனையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின்மேல் வை. மடிப்பு கீழ் இடது முனை வழியாகப் போக வேண்டும். முனை தொட்ட இடத்தையும் கீழ் முனைகள் இரண்டையும் இணைத்தால் சமபக்க முக்கோணம். கோணமானி இல்லாமலே 60 டிகிரி! கீழ்ப்பக்கம்தான் திரும்பி மேலே போயிருக்கிறது, அதனால் கீழ் இடது முனையில் சேரும் இரண்டு பக்கங்களும் சமம். நடுக்கோடு கீழ்ப்பக்கத்தின் மையக்குத்துக்கோடு (அதைச் செங்குத்தாகப் பாதியாக வெட்டும் கோடு), அதிலிருக்கும் புள்ளி இரு முனைகளுக்கும் சம தூரத்தில் இருக்கும். இந்த இரண்டு வாக்கியங்களையும் பிள்ளைகளே சொல்லும் வரை நான் காத்திருப்பேன். மடிக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று படிவதால்தான் சமம் என்பது கைக்குப் புரிந்தால், அதன் பிறகு நிரூபணம் என்ற சொல்லுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள்.

இதெல்லாம் ஜப்பானிலிருந்து வந்தது என்று நினைக்காதே. சென்னையிலேயே 1893-ல் டி. சுந்தர ராவ் காகித மடிப்பு வடிவியலுக்கென்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டார். கிண்டர்கார்டன் குழந்தைகளுக்கான காகித மடிப்புத் தொகுப்பிலிருந்துதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் என்று மடித்துக்கொண்டே போவார். ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் அதைக் குறிப்பிட்டார். 1901-ல் சிகாகோவில் மறுபதிப்பும் வந்தது. நம் பிள்ளைகளுக்கு அவர் பெயரே தெரியாதது எனக்கு வருத்தம்தான். நீ வகுப்பில் சொல்.

எட்டாம் வகுப்புக்கு ஜப்பானியர் கசுவோ ஹாகாவின் மடிப்பு. 16 செ.மீ. சதுரத்தின் கீழ் இடது முனையை மேல்பக்கத்தின் நடுப்புள்ளியில் வைத்து மடி. மேல் இடது மூலையில் ஒரு செங்கோண முக்கோணம் தெரியும். அளக்கச் சொல்: 6, 8, 10. பிதாகரஸ் தேற்றம் அங்கே தயாராக உட்கார்ந்திருக்கும். அதோடு விடாதே. திரும்பிய கீழ்ப்பக்கம் வலது பக்கத்தை வெட்டும் இடம், அடியிலிருந்து சரியாக மூன்றில் ஒரு பங்கு. பாதி, கால் என்று மட்டுமே மடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது பெரிய ஆச்சரியம்.

ஒன்று மட்டும் கவனி. அழகாக மடித்ததோடு விட்டால் அது கைவேலை வகுப்பாகிவிடும். "ஏன் இப்படி வந்தது?" என்று ஒவ்வொருவரும் தன் சொந்த வார்த்தையில் நோட்டில் எழுத வேண்டும். கெட்டி அட்டை வேண்டாம், மில்லிமீட்டர் கணக்கில் பிசகும். செய்தித்தாளில் மடிப்பு தெரியாது. ஒரு பக்கம் எழுதிய ஏ4 தாளே போதும், நகத்தால் நன்றாக நீவச் சொல்.

உள்வட்ட மையத்தை மடித்துக் காட்டுவது பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதற்குள் ஏழாம் வகுப்பில் முக்கோணத்தை ஆரம்பித்துவிடு. விரிகோணம் வெட்டியவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மல்லிகா