அது கூவம் இல்லை, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மா,

போன வாரம் திருமயிலை ரயில் நிலையத்தில் இறங்கி வரும்போது கீழே எட்டிப் பார்த்து, "ஐயோ, கூவம்!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாய். கச்சேரிக்கு நேரமாகிவிட்டதே என்று நானும் பேசாமல் நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

அது பக்கிங்காம் கால்வாய். கூவம் வடக்கே சேப்பாக்கத்தைத் தாண்டி ஓடுகிறது. சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806லேயே ஒரு கால்வாய் வெட்டியிருந்தார்கள். நீ பார்த்தது பிறகு வந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற இந்த 8 கி.மீ. துண்டு 1877–78ல் வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டி சொல்வாளே, அந்தக் காலம். சோற்றுக்கு வழியில்லாமல் வந்து நின்றவர்களுக்கு நிவாரண வேலையாக இதைத்தான் கொடுத்தார்கள். பசியோடு குனிந்து மண் அள்ளிய கைகள், கண்ணம்மா. பெயர் என்னவோ அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுடையது.

அப்புறம் எத்தனையோ வருஷம் இதில் படகு ஓடியது. உப்பும் விறகும் நெல்லும் வந்திறங்கின. மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் நீ காய் வாங்குகிற தண்ணித்துறை மார்க்கெட்டின் பெயரை ஒருமுறை நிறுத்திச் சொல்லிப் பார். தண்ணீர்த் துறை! பாரதிதாசன் நண்பர்களோடு தோணியேறி இந்தக் கால்வாய் வழியாக மாமல்லபுரம் போனதைப் பாட்டாகவே எழுதியிருக்கிறார். 1965, 66 புயல்களில் கால்வாய் சேதமானது. படகுப் போக்குவரத்து நொடித்தது. சாக்கடை உள்ளே வந்தது. 90களில் பறக்கும் ரயிலின் தூண்களை இதற்குள்ளேயே நட்டார்கள். ரயில் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், தினமும் அதில்தான் போகிறேன். ஆனால் தண்ணீர் போகிற வழியில் தூணை நிறுத்தியது தப்பு. ஒவ்வொரு மழைக்கும் அதை நினைத்துக்கொள்கிறேன்.

நீ மார்கழிக் கச்சேரிகளுக்கு வருகிறாய். சுந்தரேஸ்வரர் தெருவில் 1929ல் தொடங்கிய ரசிக ரஞ்சனி சபா, கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், லஸ்ஸில் ரானடே நூலகத்தின் மாடியில் இருக்கும் சாஸ்திரி ஹால் எல்லாம் உனக்கு அத்துப்படி. எந்த சபா கேண்டீனில் எது நன்றாக இருக்கும் என்பதுவரை தெரியும். சந்தோஷம்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் நடந்தே போய்விடுகிற தூரத்தில் இந்தக் கால்வாய் கிடக்கிறது. மயிலாப்பூரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று உன் தோழிகளை அழைத்துப் போகும்போது இதை மட்டும் விட்டுவிடுகிறாயே, அதுதான் எனக்கு வருத்தம்.

கரையோரமாக ஒரு காலை என்னோடு நட. முதலில் முண்டகக்கண்ணியம்மன் கோயில். முண்டகம் என்றால் தாமரை. சுற்றிலும் இவ்வளவு கான்கிரீட் எழும்பிய பிறகும் அம்மனின் கருவறைக்கு இன்றும் கீற்றுக் கூரைதான். பக்கத்து ரயில் நிலையத்துக்கும் அவள் பெயர்தான். அங்கிருந்து தெற்கே வந்தால் திருமயிலை நிலையம். அந்தப் பக்கம் லஸ் தேவாலயம், 1516ல் போர்ச்சுகீசியர் எழுப்பியது. சுற்றிலும் காடாக இருந்ததால் ஊர்க்காரர்கள் காட்டுக்கோயில் என்று அழைத்தார்கள். மெட்ரோ வேலைக்காக வழியை மாற்றி விட்டிருக்கிறார்கள். கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கும், பரவாயில்லை.

நாற்றம் அடிக்கும். அதை மறைக்க முடியாது. ஆனால் பெயர் தெரிந்த பிறகு அந்தத் தண்ணீரை நீ வேறு மாதிரி பார்ப்பாய் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் ஆனது.

சரி, ஞாயிற்றுக்கிழமை உன் கச்சேரி பத்து மணிக்குத்தானே? ஏழு மணிக்கே வந்துவிடு. தண்ணித்துறை மார்க்கெட் வாசலில் நிற்கிறேன்.

அன்புடன்,
மாமா